சிரட்டைக் கரியும் பிளாட்டினத் தகடும்

ஸக்கரியா கழுவி வைத்த போத்தலில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று மாத்தளை கொங்காவெலயில் ஒரு பேச்சு உண்டு. மிகைதான், ஆனாலும் பெரிய மிகையில்லை. மருந்துக்கடை ஒன்றில் பதினொரு வருடம் போத்தல் கழுவிய மனிதர் அவர். அந்தக் கையின் சுத்தத்தைப் பார்த்துத்தான் 1963இல் பேராதனைப் பல்கலைக்கழகத்து இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை கொடுத்தார்கள். காலை ரயிலில் போவார், மாலை ரயிலில் திரும்புவார். வழியில் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார். "பெண்சாதி மௌத்தானதுல இருந்து மனுசன் அப்பிடித்தான்" என்று ஊர் அவருக்காகப் பரிதாபப்பட்டது. ஊருக்கு என்ன தெரியும்? அந்த மௌனத்தில் பாதிதான் துக்கம். மீதிப் பாதி, வாயைத் திறந்தால் எது வெளியே வந்துவிடுமோ என்ற பயம்.

அந்தப் பயம் 1951ஆம் ஆண்டு டிசம்பர் மழையில் வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. பல்லேபொலப் பக்கத்தில் மிளகுக்கொடியும் ஒரு துண்டு வயலுமாக இருந்தார். மனைவி பீபிக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருடம் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பிரசவம் பார்த்தவர் கைறுன்னிஸா. சுற்றுவட்டாரத்தில் ஆறேழு ஊருக்கு அவர்தான் மருத்துவிச்சி. ஐம்பது வயது. பேச்சில் அதட்டல் இருக்கும், கையில் இருக்காது. அந்தப் பக்கத்து இளவட்டங்களில் பாதிப் பேர் உலகத்தில் முதலில் கேட்ட குரல் அவருடைய அதட்டல்தான்.

பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் உள்ளறை வாசம். குளிர் படக்கூடாது. சட்டியில் நெருப்புப் போட்டு, சாம்பிராணி தூவி, அறையைச் சூடாக வைத்திருப்பார்கள். காலையும் மாலையும் மிளகும் பூண்டும் இடித்துக் காய்ச்சிய மருந்து. வேளைக்கு இருபத்தொரு மிளகு என்பது கைறுன்னிஸாவின் அளவு. அதில் ஒன்று கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். மருந்தைக் கொடுத்துவிட்டுப் புறப்படும்போது ஸக்கரியாவை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, நெருப்ப வெளிய வச்சு நல்லாக் கனிய விட்டு அதுக்குப் பொறகு உள்ள கொண்டு போங்க. ஜன்னல ஒரு கை அகலம் திறந்தே வையுங்க. மழை அடிக்குதுன்னு மூடிராதீங்க."

"அது ஏன் மாமி?"

"ஏன்னு எனக்கும் தெரியாது. எங்க உம்மா அப்பிடித்தான் சொல்லித் தந்தாங்க. சொன்னதச் செய்யுங்க."

மூன்று நாள் செய்தார். ஆனால் விறகு நெருப்பின் புகையில் பீபிக்கு இருமல் வந்தது. புதுப் பிள்ளைக்காரி இருமினால் அடிவயிறு எப்படி வலிக்கும் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஸக்கரியாவுக்குப் பொறுக்கவில்லை. மாத்தளைக்குப் போய் ஒரு சாக்குத் தேங்காய்ச் சிரட்டைக் கரி வாங்கி வந்தார். அதில் புகையே கிடையாது. கரி என்றால் அதுதான் கரி என்று தானே மெச்சிக்கொண்டார். உள்ளறையோ மிளகு மூட்டை அடுக்குகிற அறை. தடித்த மண்சுவர், மேலே பலகை அடித்தது, இருப்பது ஒரே ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகச் சாரல் அடித்தது. அந்தக் கை அகலத்தில் வெறும் சாக்கொன்றைச் சுருட்டித் திணித்தார்.

ஏழாம் நாள் பீபி, "தல இடிக்குது, எழும்பினா மயக்கமா வருது" என்றாள். குளிராக்கும் என்று இவர் இன்னும் இரண்டு பிடி கரி போட்டார். பாசத்தோடுதான் போட்டார், அதை யாரும் மறுக்க முடியாது. பாசத்தோடு போட்டால் கரி வேறு மாதிரியா எரியும்?

ஒன்பதாம் நாள், நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, ஸக்கரியாவின் தங்கச்சி றமீஸா பிள்ளையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வெளியே கொண்டுபோனாள். ஸக்கரியா சட்டியை நிரப்பி, கதவைச் சாத்திவிட்டு வந்தார். மாலை அஸர் நேரத்தில் கஞ்சியோடு உள்ளே போனபோது பீபி தூங்கிக்கொண்டிருந்தாள். அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. கன்னம் இரண்டும் சிவந்து, கல்யாணத்தன்று கூட இல்லாத ஓர் அழகு. உடம்பு தேறிவிட்டது என்று நினைத்தார். எழுப்ப மனம் வராமல், கையில் கஞ்சிக் கோப்பையோடு சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் தொட்டார்.

கத்துவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்தார். ஜன்னலில் திணித்த சாக்கை உருவி எடுத்து, மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் போட்டார். ஜன்னலை அகலத் திறந்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. சொன்னதைக் கேட்கவில்லையே, மாமி ஏசுவாரே என்ற அற்பப் பயம்தான். பெண்சாதி செத்துக் கிடக்கையில் மனிதனுக்கு அப்படியும் ஒரு பயம் வருகிறது.

பீபியின் உடலைக் குளிப்பாட்டிய பெண்கள் வெளியே வந்து, "முகத்துல நூர் எறங்கியிருக்கு. ஷஹீதுட மௌத்து" என்று அழுதார்கள். பிள்ளைப்பேற்றில் போனவள் இறைவழியில் உயிர்விட்ட ஷஹீதுக்குச் சமமாம், இறைவனின் ஒளி முகத்தில் தெரிகிறதாம். பீபியின் மூத்த நானா அப்துல் ஸமத்துக்கு அந்த ஒளி ஆறுதல் தரவில்லை.

"ஒம்பது நாளு நல்லாத்தானே இருந்தா? எப்பிடிப் போவா?" என்று முற்றத்தில் நின்று கேட்டார்.

அந்த நேரம் கைறுன்னிஸா மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்தார். மையத்தின் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை, நேரே ஸக்கரியாவிடம் வந்தார். "தம்பி, ஜன்னல் திறந்துதானே இருந்திச்சு?"

முற்றம் முழுக்க ஆட்கள். எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். உள்ளறை ஜன்னலோ அகலத் திறந்து கிடக்கிறது.

"திறந்துதான் இருந்திச்சு மாமி."

"அப்ப மருந்துதான்" என்றார் அப்துல் ஸமத். "என்னத்தக் குடுத்தீங்க எங்கட தங்கச்சிக்கு?"

கைறுன்னிஸாவின் உதடு மட்டும் அசைந்தது. மனத்துக்குள் மிளகை எண்ணிக்கொண்டிருந்தார் போலும். எல்லார் கண்ணும் திரும்பவும் ஸக்கரியா மேல் வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "மருந்து கொஞ்சம் கூடிப் போச்சோ தெரியாது" என்றார்.

அவ்வளவுதான். யாரும் கைறுன்னிஸாவை அடிக்கவில்லை, பொலிசுக்குப் போகவில்லை. கூப்பிடுவதை மட்டும் நிறுத்தினார்கள். அவர் தெருவில் வந்தால் வயிற்றுப் பிள்ளைக்காரிகள் உள்ளே போனார்கள். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, லக்கலைப் பக்கம் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்துகொண்டிருந்த மகன் யாகூபிடம் போய்விட்டார். ஸக்கரியாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொங்காவெலயில் கல்யாணமாகியிருந்த றமீஸாவின் வீட்டுக்கு வந்தார். பிள்ளைக்கு மஸூதா என்று பெயர். மருத்துவிச்சி ஒருத்தி உம்மாவைக் கொன்றுவிட்டாள் என்ற கதையோடு அவள் வளர்ந்தாள். வாப்பா அந்தக் கதையை ஒருநாளும் திருத்தவில்லை. அவருக்கும் முழுக்கதை தெரியாது. ஒரு சாக்குத்துண்டு மட்டும் மனத்தில் உறுத்திக்கொண்டே கிடந்தது.

முழுக்கதையும் தெரிந்தது 1966இல். ஆய்வுகூடத்தில் விரிவுரையாளர் கலாநிதி நல்லையா புதிதாக ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். மாத்தளை நகரத்துக்காரர், இவரைவிடப் பத்து வயது இளையவர். ஸக்கரியாவின் கைபட்ட கண்ணாடி தவிர வேறெதையும் தொடமாட்டார். ஆராய்ச்சி இதுதான்: தபால் முத்திரை அளவு பிளாட்டினத் தகடு ஒன்று, கோஸ்டிக் சோடா கரைசலுக்குள் மின்வாயாக நிற்கும். கரைசலுக்குள் காபனோரொட்சைட்டு, அதாவது கார்பன் மொனொக்சைட் வாயுவைக் குமிழ் குமிழாக விடுவார்கள். வாயு தகட்டின் மேல் படிந்து, இடைவெளியில்லாமல் மூடிக்கொள்ளும். பிறகு நைதரசனை விட்டுத் தண்ணீரில் மிஞ்சிய வாயுவை எல்லாம் துரத்தினாலும் தகட்டில் ஒட்டியது ஒட்டியதுதான். அதற்குப் பிறகு தகட்டின் மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். மின்னோட்டம் காட்டும் மானியின் ஊசி அசையாமல் கிடக்கும், கிடக்கும், ஓரிடத்தில் சட்டென்று எழும்பி விழும். அந்த இடத்தில்தான் ஒட்டிய வாயு ஒட்சியேறிக் கரைசலோடு போகிறது. அமிலத்தில் அது பிந்தி நடக்கும், காரத்தில் முந்தி நடக்கும். ஏன் முந்துகிறது என்பதுதான் நல்லையாவின் கேள்வி.

முதல் நாளே ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னார்.

"ஸக்கரியா, இது ஆளக் கொல்ற வாயு. வாசம் இல்ல, நிறம் இல்ல. ரப்பர்ப் பாலுக்கு ஊத்துவாங்களே, அந்த அமிலத்துல இருந்துதான் நாம எடுக்கப் போறோம். ஆனா மூடின அறையில கரி நெருப்பு வச்சாலும் இதேதான் வரும். இரத்தத்துல போய் ஒட்டிக்கிச்சுன்னா ஒட்சிசன் ஏற எடம் இல்ல. ஆளு அப்பிடியே போயிருவாங்க."

ஸக்கரியா கையில் இருந்த கண்ணாடி முகவையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். "அப்பிடிப் போனவங்க பாக்க எப்பிடி இருப்பாங்க சேர்?"

"கன்னமெல்லாம் சிவந்து தூங்குற மாதிரி இருப்பாங்களாம். புகை வர்ற விறகுன்னா இருமி எழும்பி வெளிய வந்துருவோம். புகையில்லாத நல்ல கரிதான் மோசம், யாருக்கும் சந்தேகமே வராது பாருங்க."

அன்று ரயில் நேரம் வரும்வரை ஸக்கரியா அந்த ஒரே முகவையைக் கழுவிக்கொண்டிருந்தார். நூர் என்று பெண்கள் அழுதது அவர் காதில் கேட்டது. கோப்பையோடு நின்று ரசித்தது ஞாபகம் வந்தது. ரயிலில் ஓர் ஆள், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று கேட்டதற்கு அழுதுவிட்டார். கேட்டவன் பயந்து வேறு பெட்டிக்குப் போனான்.

இன்னொரு நாள் அவரே வலியக் கேட்டார். "பிளாட்டினம் விடுதே சேர். மனுச இரத்தம் ஏன் விடமாட்டேங்குது?"

"விடும் ஸக்கரியா. நேரத்தோட வெளிய தூக்கிட்டு வந்து நல்ல காத்துப் பட்டா விடும். ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தாலே அவ்வளவு சேராது. ஏன், யாருக்காகக் கேக்குறீங்க?"

"சும்மா கேட்டேன் சேர்."

இப்போது முழுவதும் தெரியும். கைறுன்னிஸாவின் மருந்தில் ஒரு பிழையும் இல்லை. லக்கலைக்குப் பஸ் ஏறி அதைச் சொல்லிவிட்டு வரவேண்டியதுதான் பாக்கி. நான்கு வருடம் போகவில்லை. முதல் வருடம் மழை என்றார். அடுத்த வருடம் மஸூதாவுக்குக் கல்யாணப் பேச்சு, இந்த நேரத்தில் கிளறக்கூடாது என்றார். அதற்கடுத்து, புதுச் சம்பந்திகள் என்ன நினைப்பார்கள் என்றார். காரணம் தேடுகிறவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? மகள் தன்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும், அந்த ஒரே பயம்தான் எல்லாக் காரணத்துக்கும் அடியில் இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வேலையிடத்தில் அவரைப் போல உண்மைக்காரர் கிடையாது. ஒருநாள் பிளாட்டினத் தகட்டைத் துடைக்கும்போது ஓரத்தில் சிராய்த்துவிட்டார். கண்ணுக்கே சரியாகத் தெரியாத கீறல். உடனே நல்லையாவிடம் போய், "சேர், நான் பழுதாக்கிட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தார். அன்றைய பரிசோதனையில் ஊசி வழக்கத்துக்கு முந்தியே எழும்பியது. கீறலின் விளிம்புகளில் வாயு முதலில் கழன்றுவிடுகிறது, வழவழப்பான இடத்தில்தான் பிடிவாதமாக நிற்கிறது என்று நல்லையா கண்டுகொண்டார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"நல்ல வேள சொன்னீங்க ஸக்கரியா! சொல்லாம விட்டிருந்தா, காரத்தாலதான் முந்திச்சுன்னு பிழையா எழுதியிருப்பேன். எல்லாம் பொய்யாப் போயிருக்கும்."

ஸக்கரியா சிரிக்க முயன்றார். முடியவில்லை.

1970இல் மஸூதாவுக்கு ஒன்பதாம் மாதம். பிரசவம் மாத்தளை ஆஸ்பத்திரியில்தான், ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு நாற்பது நாளும் அறை வேண்டுமே என்று றமீஸா உள்ளறையைக் கூட்டி, புதுச் சட்டியும் ஒரு சாக்குச் சிரட்டைக் கரியும் கொண்டுவந்து வைத்தாள். வேலையிலிருந்து வந்த ஸக்கரியா அந்தச் சாக்கைப் பார்த்தார். அப்படியே இழுத்துக்கொண்டு போய் முற்றத்து மழையில் கொட்டினார். "நானா, பைத்தியமா ஒங்களுக்கு?" என்று றமீஸா கத்தினாள். மஸூதா எழும்பி வந்தாள். அவள் முன்னால் ஈரக் கரியின் மேல் நின்றபடி, பத்தொன்பது வருடத்துக் கதையை முழுவதும் சொன்னார். சாக்கையும் சொன்னார், திறந்த ஜன்னலையும் சொன்னார், மருந்து கூடிப் போச்சோ என்ற அந்த ஒரு வார்த்தையையும் சொன்னார்.

மஸூதா அழவில்லை. காலடியில் கிடந்த ஒரு கரித்துண்டைக் காலால் ஒதுக்கினாள். பிறகு, "கைறுன்னிஸா மாமிக்கு இதச் சொன்னீங்களா வாப்பா?" என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். அவள் உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை லக்கலை பஸ்ஸில் ஏறினார். ஒரே ஒரு பஸ், அது இறக்கிவிட்ட இடத்திலிருந்து இரண்டு மைல் நடை. வேலி நெடுக யானை மிதித்த தடம். யாகூபின் வீட்டு வாசலில் பாய் போட்டு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது, ஆனாலும் அந்த முகத்தை மறக்க முடியுமா? முன்னால் சுளகில் மிளகு. அதைச் சின்னச் சின்னக் குவியலாக எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். "நாள் முழுக்க இதே வேலைதான்" என்றார் யாகூப் மெதுவாக. "எண்ணுவாங்க, கலைப்பாங்க, திரும்ப எண்ணுவாங்க. இருபத்தொன்னு இருபத்தொன்னா. பல்லேபொலயில இருந்து வந்த நாள்ல இருந்து இப்பிடித்தான்."

"உம்மா, ஸக்கரியா நானா வந்திருக்காங்க."

கிழவி நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது. சுளகைத் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஸக்கரியா வழியெல்லாம் பாடம் பண்ணிய வார்த்தையைத் தொடங்குவதற்குள் கிழவி முந்திக்கொண்டார்.

"அல்லாஹ் ஒங்களக் கொண்டு வந்து சேத்துட்டான் தம்பி. என்னப் பொருந்திக்கங்க. கண்ண மூடுறதுக்குள்ள ஒங்ககிட்ட இதக் கேக்கணும்னு யாகூபுகிட்ட எத்தன தரம் சொன்னேன். எப்பிடிக் கூடிச்சுன்னு தெரியல்ல தம்பி. இருபத்தொன்னுதான் போட்டேன், என் கண் முன்னால எண்ணித்தான் போட்டேன். எங்கயோ தவறிட்டேன்."

முஸ்லிம் வீடுகளில் இது பெரிய வார்த்தை. ஒருவருக்குத் தீங்கு செய்தவர், சாகுமுன் அவரிடம் 'பொருந்திக்கங்க' என்று கேட்பார். அவர் வாய் திறந்து 'பொருந்தினேன்' என்று சொன்னால்தான் மறுமையில் அந்த வழக்குத் தீரும். அதைக் கேட்கத்தான் ஸக்கரியா வந்திருந்தார்.

"மாமி, நீங்க ஒன்னும் செய்யல்ல" என்றார். "நான்தான் செஞ்சேன். ஜன்னல மூடினது நான். சாக்க அடைச்சேன். கரிப் புகைதான் பீபியக் கொன்னது. புகைன்னாலும் கண்ணுக்குத் தெரியாது மாமி. நான் வேல செய்யுற எடத்துல ஒரு தகட்டுல அதே வாயுவத்தான் ஒட்ட வச்சுப் பாக்குறாங்க. சேர் சொன்னாரு, கன்னம் செவந்து போகும்னு..."

கைறுன்னிஸா தகட்டையும் வாயுவையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரிச் சிரித்தார்.

"இந்தக் கெழவி மனசு ஆறணும்னு பழியத் தூக்கி ஒங்க மேல போட்டுக்கிறீங்க. அன்னைக்கே கேட்டேனே தம்பி, ஊரே நின்னிச்சு. திறந்துதான் இருந்திச்சுன்னு சொன்னீங்க. நானும் பாத்தேன், திறந்துதான் கெடந்திச்சு. மையத்து வீட்டுல பொய் சொல்ற ஆளா நீங்க?"

"பொய்தான் மாமி சொன்னேன். அல்லாஹ் மேல ஆண!"

"எனக்காகச் சத்தியம் பண்ணாதீங்க, பாவம் வந்து சேரும்."

"நீங்கதான் என்னப் பொருந்தணும் மாமி. அதக் கேக்கத்தான் வந்தேன்."

"பொருந்துறதுக்கு நீங்க எனக்கு என்ன செஞ்சீங்க? பெண்சாதியப் பறிகொடுத்தும் என்ன ஒரு வார்த்த ஏசாத மனுசன்." கையை இன்னும் இறுக்கினார். "சொல்லுங்க தம்பி. எனக்கு நாள் இல்ல. பொருந்தினேன்னு ஒரு வார்த்த."

ஸக்கரியா யாகூபைப் பார்த்தார். யாகூபின் கண்ணிலும் அதே கெஞ்சல்தான். உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை வாங்க அந்த வீட்டில் ஆள் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் வந்திருந்தால் ஒருவேளை சண்டை பிடித்தாவது நம்ப வைத்திருக்கலாம். பத்தொன்பது வருடத்துக்கு முன் அந்த முற்றத்தில் சொல்லியிருந்தால் நம்ப வைக்கவே தேவையிருந்திருக்காது. இப்போது அந்தக் கிழவிக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை.

"பொருந்தினேன் மாமி" என்றார்.

கைறுன்னிஸா கண்ணை மூடி அல்ஹம்துலில்லாஹ் என்றார். எண்ணி வைத்த குவியல்களை எல்லாம் கையால் ஒன்றாக வாரி, "யாகூப், இதக் கொண்டு போய்ப் பானையில போடு" என்றார்.

மூன்று கிழமை கழித்து யாகூபிடமிருந்து தபாலட்டை வந்தது. அதே வாரம்தான் மஸூதாவும் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்தாள். உள்ளறையில் நெருப்புச் சட்டி இல்லை, ஜன்னல் அகலத் திறந்திருந்தது. அட்டையை அவள்தான் வாசித்தாள். உம்மா மௌத்தாகிவிட்டார்கள், நீங்கள் வந்து போன பிறகு ஒருநாளும் மிளகு எண்ணவில்லை, உங்கள் நல்ல மனதுக்கு அல்லாஹ் கூலி தருவான் என்று எழுதியிருந்தது.

"சொன்னீங்கதானே வாப்பா?" என்றாள் மஸூதா.

"சொன்னேன்."

"பொருந்தினாங்களா?"

ஸக்கரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான்தான் அவங்களப் பொருந்திட்டு வந்தேன் மகள்" என்றார்.